பதினைந்தாவது நாள், ஏழாம் அறை

பத்தேகால் மணி அடித்ததும் இருபது தலைகளும் ஒரே சமயத்தில் குனிந்தன. இனி ஒன்றேகால் வரைக்கும் இந்த ஏழாம் அறையை விட்டு நான் நகர முடியாது. என் போன் தலைமையாசிரியர் அறையில், பெயர் எழுதிய ஒரு காக்கி உறைக்குள் அணைந்து கிடக்கிறது. பதினொரு மணிக்குப் பணத்தைப் போட்டுவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றான் தம்பி. "பதினொண்ணுக்குக் கூப்பிடாதடா நேசா, ப்ளஸ் டூ பரீட்சை டூட்டியில இருப்பேன், போன் கையில இருக்காது" என்றேன். "அப்ப மெசேஜ் போட்டு வெச்சிர்றேன்க்கா. வெளியே வந்ததும் பாத்துக்க. இன்னிக்கு முடிஞ்சிரும்." இன்னிக்கு முடிஞ்சிரும். எது? பயம் முடியுமா, வேலை முடியுமா? வக்கீல் நோட்டீஸ் கைக்கு வந்தது நாலாம் தேதி. வந்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும் என்று வக்கீலம்மா சொன்னார். ஐந்து ஒன்று, ஆறு இரண்டு, ஏழு மூன்று. எத்தனை முறை எண்ணினாலும் பத்தொன்பதில்தான் பதினைந்து வருகிறது. இன்று பத்தொன்பது. கரும்பலகையின் மூலையில் நானே எழுதியிருக்கிறேன், பத்தொன்பது மூன்று என்று. சாக்பீஸ் அந்த ஒன்பதின் வாலில் கீச்சென்று கத்தியது. முன் வரிசைப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

நாலாம் தேதி தபால்காரர் நேராக எங்கள் பள்ளி ஆசிரியர் அறைக்கே வந்து நின்றார். எட்டுப் பேர் டீ குடித்துக்கொண்டிருந்த நேரம். "மங்கையர்க்கரசி டீச்சர், ரிஜிஸ்டர் தபால், ஒரு கையெழுத்து." ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போடும்போதே அனுப்புநர் இடத்தில் 'வழக்கறிஞர்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சரும் பார்த்திருப்பாளோ? "அப்பாவோட நிலம், பழைய தகராறு" என்றேன். யாரும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில் சொன்னேன்? கழிவறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பிரித்தேன். திருமதி மங்கையர்க்கரசி, கணவர் பெயர் வேலாயுதம். அவர் பெயர் அந்தக் காகிதத்தில் இருந்ததைப் பார்த்ததும், அவரே வந்து கதவுக்கு வெளியே நிற்கிற மாதிரி இருந்தது. எனது கட்சிக்காரர் திருமதி ஜெசிந்தா அவர்களிடம் தாங்கள் பெற்ற கடனுக்காக வழங்கிய ரூபாய் ஐந்து லட்சத்துக்கான காசோலை, கணக்கில் போதிய பணமில்லை என்ற காரணத்தால் திரும்பியது. இந்த அறிவிப்பு கிடைத்த பதினைந்து நாட்களுக்குள் தொகையைச் செலுத்தத் தவறினால், மாற்றுமுறை ஆவணச் சட்டம் நூற்று முப்பத்தெட்டாம் பிரிவின் கீழ்... தவறினால், தவறினால். நான் வரலாற்று ஆசிரியை. இருபத்திரண்டு வருடமாகச் சட்டம் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தச் சொல் ஒருத்தியைக் கழிவறையில் தாழ்ப்பாள் போட வைக்கும் என்று யாருக்கும் சொல்லித் தந்ததில்லை.

விடைத்தாள்களின் முகப்பில் கையெழுத்துப் போட வேண்டும். அறைக் கண்காணிப்பாளர் கையொப்பம். முதல் பெஞ்சிலிருந்து தொடங்கினேன். பதிவெண் சரி, பாடம் வேதியியல் சரி, பேனாவை வைத்தால் ம என்ற எழுத்து வளைய மாட்டேன் என்கிறது. இதே கையெழுத்துதான். இந்த வளைவும் இந்த நீட்டலும்தான் அந்த மூன்று வெற்றுக் காசோலைகளிலும் இருக்கின்றன. நேசன் தண்ணீர் கேன் கம்பெனி ஆரம்பிக்கிறேன் என்று வந்து நின்றபோது, எங்கள் பள்ளியில் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த ஜெசிந்தா டீச்சரிடம் நான்தான் கேட்டேன். பத்து வருடம் ஒரே ஆசிரியர் அறை, ஒரே சாப்பாட்டு மேசை. "உன் தம்பியை எனக்குத் தெரியாது மங்கை. உன்னைத் தெரியும். உனக்குன்னா தர்றேன்" என்றார். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் ஐந்து லட்சம். அவர் காசோலை எதுவும் கேட்கவில்லை. நான்தான் பெருந்தன்மையாக, "சும்மா ஒரு பிடிப்புக்கு வெச்சுக்கங்க டீச்சர்" என்று மூன்றைக் கிழித்து, தொகை எழுதாமல், தேதி எழுதாமல், கீழே மட்டும் அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எவ்வளவு பெருமை அந்தக் கையெழுத்தில். அரசு ஊழியர், மாதம் பிறந்தால் சம்பளம், என் பெயரே ஒரு ஜாமீன் என்கிற பெருமை. பதினொன்றாவது பையனின் தாளில் என் பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அவன் நிமிர்ந்து பார்த்தான். ஒன்றுமில்லை எழுது என்று கண்ணால் சொன்னேன்.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம். கேள்வித்தாள் காவலுக்கு வந்த போலீஸ்காரர்தான். காலையில் கேட்டிலேயே பார்த்தேன், "வணக்கம் டீச்சர்" என்றுகூடச் சொன்னார். தெரியும். தெரிந்தும் அந்தச் சத்தம் ஏழாம் அறையை நெருங்க நெருங்க முதுகில் ஓர் ஈரம் இறங்குகிறது. "அரெஸ்ட் பண்ண வருவாங்களா மேடம்?" என்று என் வக்கீலம்மா பரிதா பானுவிடம் முன்பே கேட்டிருந்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார். "டீச்சர், நாளைக்கே யாரும் வந்து உங்களைக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க. முதல்ல பதினஞ்சு நாள். அதுக்குள்ள கட்டிட்டா கேஸே கிடையாது. கட்டலைன்னா அதுக்கப்புறம் ஒரு மாசத்துக்குள்ள அவங்க மாஜிஸ்ட்ரேட் கோர்ட்ல புகார் போடலாம். சம்மன் வரும். நீங்க போகணும். போகாம இருந்தாத்தான் வாரண்ட்." வெற்றுக் காசோலைதானே மேடம் கொடுத்தேன், தொகையை நான் எழுதவில்லையே? "கையெழுத்து உங்களுதுதானே? கடன் இருக்குன்னு கோர்ட் எடுத்துக்கும். இல்லைன்னா இல்லைன்னு நீங்கதான் நிரூபிக்கணும். இல்லைங்கிறீங்களா?" அடுத்ததைக் கேட்டேன். "தண்டனை?" "ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல செக் தொகையில ரெண்டு மடங்கு வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். நடுவுல எப்ப வேணா சமரசம் பண்ணிக்கலாம். ஆனா நீங்க கவர்மெண்ட் வேலையில இருக்கீங்க. அதை மனசுல வெச்சுக்கங்க." மனதில் வைத்துக்கொள்வதற்கு வேறு என்ன இருக்கிறது? துறை விசாரணைக்கான பதினேழு பி மெமோ, சஸ்பென்ஷன், பள்ளி வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு நேராக நீளமாக ஒரு சிவப்புக் கோடு. பூட்ஸ் சத்தம் அறை வாசலைத் தாண்டிப் போய்விட்டது. தண்ணீர்க் குழாயைத் திறக்கிற ஓசை. முகம் கழுவுகிறார் போல.

நேசனுக்கு ஒரு யோசனை இருந்தது. போன வாரம் வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தியபடியே சொன்னான். "செக்கு தொலைஞ்சிருச்சுன்னு ஸ்டேஷன்ல ஒரு புகார் குடுத்து வைக்கா. யாரோ எடுத்து நிரப்பிட்டாங்கன்னு ஆயிரும்." "யாரோ இல்லடா, ஜெசிந்தா டீச்சர்." "சரி, அவங்கதான். அவங்க உனக்கு என்ன சொந்தமா?" அவனைத் திட்டி அனுப்பினேன். அனுப்பிவிட்டு என்ன செய்தேன்? குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, தொலைஞ்சு போச்சு சார், பீரோவுல வெச்சிருந்தேன் சார் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாக வந்தது. கண்கூடச் சரியாகக் கலங்கியது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் முதல் முறையாக, ஜெயிலை விடவும் பெரிதாக ஏதோ ஒன்றுக்குப் பயந்தேன். மறுநாள் வக்கீலம்மாவிடம் கேட்டபோது, "பொய்ப் புகார் குடுத்தா அது தனி கேஸ் டீச்சர்" என்றார். அதனால்தான் விட்டேனா? தனி கேஸ் ஆகாது என்று சொல்லியிருந்தால் போயிருப்பேனா?

"மிஸ்." யாரோ. "மிஸ், மூணு தடவை கூப்பிட்டுட்டேன்." நான்காவது வரிசைப் பெண் கையை உயர்த்தியபடியே இருக்கிறாள். கூடுதல் தாள் வேண்டுமாம். கொடுத்தேன். மூன்று தடவை கூப்பிட்டாளாம். என் காதில் விழவில்லை. ஜெசிந்தா டீச்சர் கூப்பிட்டது காதில் விழாமலா இருந்தது? முதல் ஆறு மாதம் நேசன் வட்டியை ஒழுங்காகக் கொடுத்தான். பிறகு லைசென்ஸ் பிரச்சினை என்று கம்பெனியைப் பூட்டினார்கள், அவனும் வாயைப் பூட்டிக்கொண்டான். டீச்சர் என்னைக் கூப்பிட்டார். முதலில் எடுத்தேன், அடுத்த மாதம் டீச்சர் என்றேன். அடுத்த மாதமும் அடுத்த மாதம் என்றேன். பிறகு திரையில் அந்தப் பெயர் ஒளிர்ந்தால் போனைத் தலையணைக்கு அடியில் தள்ள ஆரம்பித்தேன். "யாருடி அது, எடுக்க மாட்டேங்கிற?" என்றார் என் வீட்டுக்காரர். "லோன் வேணுமான்னு கேக்கிற கம்பெனிக்காரங்க." கடைசி ஐந்து மாதமாக ஒன்றுகூட எடுக்கவில்லை. என்ன தேவைக்குப் பணம் கேட்டார் என்றுகூடத் தெரியாது. உடம்புக்கா? மகளுக்கா? சொல்வதற்கு நான் இடமே கொடுக்கவில்லை. பாவம், போன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோய்த்தான் ஒரு வக்கீல் வாசலில் போய் நின்றிருப்பார். அறுபத்திரண்டு வயதில், முட்டி வலியோடு, படி ஏறி. அந்தப் படியில் அவரை ஏற்றிவிட்டது யார்?

திடீரென்று ஜீப். கேட் திறக்கிற சத்தம், கதவு சாத்துகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று பேர். வந்துவிட்டார்கள். பதினைந்து நாள் என்று சொன்னது தப்பாக இருக்கும். எண்ணிக்கையில் எங்கோ தவறு. நாலாம் தேதியையும் சேர்த்து எண்ண வேண்டுமோ, அப்படியென்றால் நேற்றே முடிந்துவிட்டதே. பிள்ளைகள் முன்னாலா? இந்த இருபது பிள்ளைகள் முன்னாலா என்னைக் கூப்பிடுவார்கள்? வாசலில் நிழல். ஒரு அம்மாள், கையில் கோப்பு. பின்னால் இரண்டு பேர். பறக்கும் படை. பரீட்சைக்கு வரும் பறக்கும் படை. வருடா வருடம் வருகிறவர்கள்தான், நானே இரண்டு வருடம் போயிருக்கிறேன். பெஞ்சுக்கு அடியில் பார்த்தார்கள். ஒரு பையனின் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார்கள். போகும்போது அந்த அம்மாள் என் அருகில் நின்று, "என்ன டீச்சர், இப்படி வேர்த்திருக்கு? ஃபேனுக்கு அடியில நில்லுங்க" என்றார். "சரிங்க மேடம்." குரல் யாருடையதோ மாதிரி வந்தது. ஃபேனுக்கு அடியில் போய் நின்றேன். வியர்வை குளிர்ந்தது.

மணி பன்னிரண்டு. இந்நேரம் பணம் டீச்சர் கணக்குக்குப் போயிருக்கும். லாலாப்பேட்டையில் ஒருவர் பழைய இயந்திரங்களை மொத்தமாக எடுத்துக்கொள்கிறார், ஆறு லட்சம், இன்று காலை கையில் தருகிறார் என்றான். அவன் பொய் சொல்ல மாட்டான். சொல்வான். சொல்லும்போது தலையைச் சொறிவான். போனில் பேசினால் தலையைச் சொறிந்தானா என்று எப்படித் தெரியும்? போயிருக்கும். போகாமல் இருந்தால்? வைப்பு நிதியில் முன்பணம் கேட்டால் பத்து நாளாகும். நகை இருக்கிறது, பெண்ணின் கல்யாணத்துக்கென்று லாக்கரில் பத்துப் பவுன். லாக்கர் என் பெயரிலும் வீட்டுக்காரர் பெயரிலும். சாவி அவரிடம். அப்போ அவரிடம் சொல்ல வேண்டும். நினைத்தவுடனேயே நினைப்பு வேறு பக்கம் ஓடுகிறது, வேதியியல் வினாத்தாளின் ஏழாவது கேள்வியைப் படிக்கிறது, ஜன்னலில் காயும் துணியைப் பார்க்கிறது. பதினைந்து நாளாக இப்படித்தான். ஜெயிலைப் பற்றி யோசிக்கிறேன், கோர்ட்டைப் பற்றி யோசிக்கிறேன், கூண்டில் எப்படி நிற்பது, எந்தப் புடவை கட்டுவது என்றுகூட யோசித்துவிட்டேன். இவர் மின்வாரிய ஆபீசிலிருந்து வந்து சட்டையைக் கழற்றி மாட்டும்போது, என்னங்க, ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பதை மட்டும் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் பரவாயில்லை. பேசாமல் என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குத்தான். இத்தனை சட்டப் பிரிவுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நான் நடுங்குவது அந்த ஒரு பார்வைக்குத்தான்.

ஒன்றேகால். விடைத்தாள்களுக்கு நூல் கட்டி, எண்ணி, வரிசைப்படுத்தி, ஒப்படைத்து, காக்கி உறையை வாங்கும்போது ஒன்றே முக்கால். போன் உயிர் பெற எவ்வளவு நேரம் எடுக்கிறது. வந்தது. ஒரே செய்தி. பதினொன்று நாற்பதுக்கு. 'அக்கா சாரி. அந்த ஆளு வரல. போனும் எடுக்கல. அவங்ககிட்ட ரெண்டு நாள் டைம் கேளுக்கா.' மறுபடி படித்தேன். சைக்கிள் நிறுத்தும் கொட்டகையின் இரும்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். வெயிலில் கம்பம் சுட்டது, கையை எடுக்கத் தோன்றவில்லை. அந்த ஆள் போனை எடுக்கவில்லையாம். நேசனை அழைக்க விரல் போனது, அழைத்து என்ன கேட்பது? அவன் இன்னொரு கதை சொல்வான், நான் இன்னொரு முறை நம்புவேன், நாலு மணி ஆகிவிடும். நேரம் இருந்திருந்தால் இவரிடம் சொல்ல நான் நிச்சயம் ஏதாவது ஒரு பொய்யைத் தயார் செய்திருப்பேன். நேரம் இல்லை. அவ்வளவுதான். தைரியம் என்று எதுவும் வரவில்லை. இவர் எண்ணை அழுத்தினேன்.

"என்ன, டூட்டி முடிஞ்சதா?" என்றார். மூச்சுவிடாமல் சொன்னேன். தம்பி, கம்பெனி, டீச்சர், காசோலை, நோட்டீஸ், இன்று கடைசி நாள். சொல்லி முடித்தேன். அவர் ஆபீசில் யாரோ சிரிப்பது மட்டும் கேட்டது. "எவ்வளவு?" "அஞ்சு லட்சம்." "கடன் வாங்கி எவ்வளவு நாளாச்சு?" "ரெண்டு வருஷம்." மறுபடியும் அந்தச் சிரிப்புச் சத்தம் மட்டும். பார்வையைப் போனில் அனுப்ப முடியாது என்று யார் சொன்னது? "ரெண்டு வருஷமா தினமும் எனக்குச் சோறு போட்டுக்கிட்டு..." என்று தொடங்கினார். முடிக்கவில்லை. "பேங்க் நாலு மணிக்கு மூடிருவான். பஸ்ஸுக்கு நிக்காத. ஆட்டோ புடிச்சு முசிறிக்கு வா. நான் சாவியோட நிக்கிறேன்." தொட்டியத்திலிருந்து முசிறி வரை ஆட்டோவில் அழக்கூட இல்லை. காற்று முகத்தில் அடிக்க, மணியையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவர் வங்கி வாசலில் நின்றார். என்னைப் பார்க்கவில்லை, என் கையிலிருந்த நோட்டீசை வாங்கிப் படித்தார். தன் பெயர் வரும் வரியில் நின்று, பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். லாக்கரிலிருந்து நகையை எடுத்துக்கொண்டு கவுண்டருக்கு வந்தால், மதிப்பீட்டாளர் சாப்பிடப் போயிருந்தார். மூன்று பத்துக்குத்தான் வந்தார். உரசினார், எடை போட்டார், ஐந்து லட்சத்துக்குப் பக்கத்தில் வந்து நாற்பதாயிரம் குறைந்தது. நான் வளையலைக் கழற்றப் போனேன். "வேணாம்" என்றார் இவர். தன் கணக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த நாற்பதாயிரத்தை எதற்குச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. அவரிடமும் எனக்குத் தெரியாதது ஒன்று இருந்திருக்கிறது. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கவுண்டர் பெண், "போயிருச்சு மேடம்" என்று ரசீதை நீட்டினாள். வக்கீலம்மாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். 'இந்த ரசீதைப் பத்திரமா வைங்க. எதிர் வக்கீலுக்கு இன்னிக்கே எழுத்துல தெரிவிச்சிர்றேன். மீதி ரெண்டு செக்கையும் கேட்டு வாங்கிருங்க. இனி உங்க மேல கேஸ் வராது' என்று பதில் வந்தது. படித்தேன். பயம் போகவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது.

டீச்சரை அழைத்தேன், முதல் மணியிலேயே எடுத்தார். "மங்கையா? மங்கைதானா? என்னம்மா, யாராச்சும் வந்தாங்களா? போலீஸ் கீலீஸ்னு..." ஜெசிந்தா டீச்சரின் குரல் என் குரலைவிட அதிகமாக நடுங்கியது. "இல்ல டீச்சர். பணம் போட்டுட்டேன். இப்பத்தான். அஞ்சும்." அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற ஓசை. உட்கார்ந்திருப்பார். "வீட்டு ஓனர் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு மங்கை. இடம் வாங்கி ரெண்டு ரூம் கட்டிக்கலாம்னுதான் கேட்டேன். நீ போனையே எடுக்கல." "ஆமா டீச்சர்." மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள் வந்து, கூசிக்கொண்டு நின்றது. "மத்தியானம் வக்கீல் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்துட்டுப் போனாரு. நாளைக்குக் கோர்ட்ல போடுற பேப்பராம். கையெழுத்துப் போடுங்கன்னாரு. கண்ணாடியக் காணோம், படிக்காம போட மாட்டேன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

இவர் வங்கிப் படியில் ஒரு பக்கமாக உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடி கிடைச்சிருச்சா டீச்சர்?" என்று கேட்டேன்.

"எங்க போகும்?" என்றார் ஜெசிந்தா டீச்சர். "என் மூக்கு மேலதான் இருந்துச்சு."